அழுத்தச் சொல்லு

நான் நாலாம் வகுப்புப் படித்த வருசம் எங்கள் வீட்டில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. அம்மா சொல்வதை அப்பாவிடமும் அப்பா சொல்வதை அம்மாவிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள், பல சமயம் ஒரே அறையில். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அம்மா எதிரே அகப்பையோடு நிற்பாள்.

"இன்னுங் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு" என்பாள் என்னிடம்.

நான் அப்பா பக்கம் திரும்பி, "இன்னுங் கொஞ்சம் ரசம் வேணுமாப்பா?" என்பேன்.

"போதும்னு சொல்லு."

"போதுமாம்மா."

அம்மா அகப்பையோடு அடுப்படிக்குப் போய்விடுவாள். இப்படியே சித்திரையில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைகூட. வகுப்பில் வேறு எந்தப் பெண்ணுக்கும் இப்படி ஒரு பொறுப்பு கொடுக்கப்பட்டிருக்கவில்லை. சேதியை வாங்கின இடத்திலிருந்து கொடுக்கிற இடத்துக்குப் போவதற்குள் நான் சின்னச் சின்னத் திருத்தங்களும் செய்வேன். "சட்டைய அவரே தொவச்சுக்கிறட்டும்னு சொல்லு" என்று அம்மா சொன்னால், "சட்ட இன்னிக்குத் தொவைக்க முடியாதாம்ப்பா" என்று போய்ச் சொல்வேன். சுடுகிற சொல்லை வழியில் போட்டுவிட்டு மீதியை மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பதில் எனக்கு நல்ல பழக்கம் வந்திருந்தது.

பேச்சு நின்றுபோன காரணமும் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தச் சித்திரையில் அம்மாவின் அப்பா, எனக்கு ஐயா, கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள அவர் ஊரில் காலமானார். அதற்கு முன்னால் இரண்டு தடவை "ஐயாவுக்கு ரொம்ப முடியல, ஒடனே வாங்க" என்று ஆள் வந்து, நாங்கள் கீரனூரிலிருந்து அலறியடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், ஐயா கயிற்றுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை ஆள் வந்த காலையில் அப்பா கல்யாண வீட்டுக்காரர்களைக் கொடும்பாளூருக்கு ஏற்றிப்போகக் கிளம்பிக்கொண்டிருந்தார். எங்கள் கார் வாடகைக்கு ஓடுகிற கார். முன்னே சமஸ்தானத்தில் அதிகாரியாக இருந்த ஒருவர் வைத்திருந்தது. சமஸ்தானம் போன பிறகு அப்பா வாங்கி ஓட்டினார். ஊரில் அதைக் கார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பிளசர் என்பார்கள்.

"மத்தியானத்துக்குள்ள வந்துர்றேன். நானே கூட்டிட்டுப் போறேன். பஸ்ஸுல போயி அலையாத" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் அப்பா போனார்.

அம்மா சேலை மாற்றி, துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். மத்தியானம் வந்தது, போனது. புதுக்கோட்டை பஸ்ஸும் வந்து எங்கள் தெருமுனையில் நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போனது. அப்பா வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். நாங்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். மகள் வந்து முகம் பார்க்கட்டும் என்று பொழுது சாய்கிற வரைக்கும் வைத்திருந்தார்களாம். வெயில் காலம், அதற்கு மேல் முடியாமல் எடுத்துவிட்டார்களாம். ஈரத் தரையில் நின்ற அம்மா அப்பாவைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அவரிடம் அவள் பேசவில்லை.

தாமதமாகப் போனதுதான் தப்பு என்று எனக்கு விளங்கியது. பள்ளிக்கூடத்திலும் அதற்கு அடிப்பார்கள். ஆனால் அங்கே அடி வாங்கியதோடு சரி, மறுநாள் வாத்தியார் சிரித்துப் பேசுவார். வீட்டில் ஏன் இப்படி முடிவில்லாமல் இழுத்துக்கொண்டு போகிறது என்பதுதான் புரியவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் அப்பா திருச்சியிலிருந்து தொண்டை கட்டிப்போய் வந்தார். வழியில் காரின் ஹாரன் நின்றுவிட்டதாம். குறுக்கே வந்த ஆட்டுமந்தைக்கும் மாட்டு வண்டிகளுக்கும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்திக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு வண்டிக்காரர், "பிளசர் வாங்கத் தெரிஞ்சவருக்கு ஒரு ஆரன் வாங்கத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டாராம். இதை என்னிடம் சொல்வதுபோல, அடுப்படிக்குக் கேட்கிற சத்தத்தில் சொன்னார். அடுப்படியில் பாத்திரம் உருட்டுகிற சத்தம்தான் வந்தது.

சாதாரண நாளாக இருந்தால் இரண்டு நாள் கத்திக்கொண்டே ஓட்டியிருப்பார். ஆனால் நாளை மறுநாள் புதுக்கோட்டைக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் வருகிறார். வருசா வருசம் வண்டியைக் கொண்டுபோய் அவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா என்று பார்ப்பார். ஒன்று இல்லையென்றாலும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிடுவார். அப்புறம் அவர் மறுபடி எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. கார் ஓடாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. ஊரில் இருந்த ஒரே மெக்கானிக்கோ, சொந்த ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது, இனித் திருவிழா முடிந்துதான் வருவேன் என்று போய்விட்டார்.

மறுநாள் காலையில் அப்பாவே இறங்கினார். தெருவோரம் பூவரச மரத்து நிழலில் காரை நிறுத்தி, முன்பக்கத்து மூடியைத் தூக்கி நிறுத்தினார். பள்ளிக்கூடம் விடுமுறை. நான் பக்கத்திலேயே நின்றேன். முதலில் விளக்கைப் போட்டுப் பார்த்தார். எரிந்தது. "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்றார். பியூஸைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

"தாயி, நீ உள்ள உக்காந்து அழுத்து. நான் முன்னால நின்னு கேக்குறேன்" என்றார்.

இது எனக்குக் கிடைத்த பதவி உயர்வு. ஸ்டியரிங் நடுவில் இருந்த கறுப்புப் பித்தானை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன். ஹாரனுக்குள் டிக்கென்று ஒரு சின்னச் சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். வந்தால் கோளாறு ஹாரனில். வராவிட்டால் கரண்ட்டே அங்கே போகவில்லை என்று அர்த்தம். அப்பா காதை வைத்துக் கேட்டார். மறுபடியும் அழுத்தச் சொன்னார். இந்தக் காதை வைத்தார், அந்தக் காதை வைத்தார். எத்தனையோ வருசம் எஞ்சின் சத்தத்திலேயே இருந்த காது அது. கூப்பிட்டாலே இரண்டாவது தடவைதான் திரும்புவார். வந்ததா வரவில்லையா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனால் ஹாரன் இருந்த இடம் எனக்கு எட்டாது.

அப்பா கைத்துணியால் விரல்களைத் துடைத்தார். துடைத்த விரல்களையே மறுபடியும் துடைத்தார். பிறகு காரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒங்கம்மாவ செத்த வந்து காது குடுக்கச் சொல்லு."

நான் ஓடினேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு, கையிலிருந்த காம்பை உருவி முடித்தாள். "எதுக்குன்னு கேளு" என்றாள். ஓடிப்போய்க் கேட்டு, ஹாரன், டிக் சத்தம், பிரேக் இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொன்னேன். அம்மா முறத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, காருக்கு முன்னால் நின்று, உள்ளே குனிந்தாள். அப்பா அதற்குள் ஓட்டுகிற இடத்துக்குப் போய்விட்டார். மூடி தூக்கியிருந்ததால் ஒருவருக்கு ஒருவர் தெரியவில்லை. ஆனால் இருவருக்கும் நடுவில் ஒரு எஞ்சின் தூரம்தான். ஒருவர் மூச்சுவிட்டால் மற்றவருக்குக் கேட்கும்.

"அழுத்தச் சொல்லு" என்றாள் அம்மா.

நான் பக்கவாட்டில் ஓடி, "அழுத்தச் சொல்லுதுப்பா" என்றேன்.

அப்பா அழுத்தினார். "கேட்டுச்சான்னு கேளு."

முன்னால் ஓடினேன். "கேட்டுச்சாம்மா?"

"ஒண்ணுங் கேக்கலன்னு சொல்லு."

"ஒண்ணுங் கேக்கலையாம்ப்பா."

எதிர்வீட்டில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா வேலையை விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து எங்களைப் பார்த்தாள். அவள் முகம் ஏன் அப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் என் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தேன்.

கரண்ட் வரவில்லை என்பது முடிவானதும் அப்பா இறங்கி முன்னால் வந்தார். அம்மா ஒரு எட்டு தள்ளி நின்றுகொண்டாள். அப்பா ஒரு துண்டு ஒயரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியிலும் மறுமுனையை நேரே ஹாரனிலும் வைத்தார். பாம் என்று தெருவே அதிர ஒரு சத்தம். பூவரசிலிருந்த காக்காய்கள் கிளம்பிப் பறந்தன. பெரியம்மா நெல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஹாரன் சாகவில்லை! "சரியாயிருச்சு, சரியாயிருச்சு" என்று குதித்தேன்.

"இல்ல தாயி. ஆரன் நல்லாருக்கு, அவ்வளவுதான். அழுத்துற எடத்துலேருந்து இதுவரைக்கும் வர்ற வழியில எங்கயோ விட்டுப்போயிருக்கு" என்றார் அப்பா.

பித்தானைக் கழற்றினார். உள்ளே பித்தளையில் காசு அகலத்துக்கு ஒரு தகடு. அதன் மேல் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. அப்பா உப்புத்தாளைத் தேடினார். மெக்கானிக் அதையும் பூட்டிவைத்துவிட்டுப் போயிருந்தார். அம்மா கையை நீட்டினாள், என்னிடம்தான். நான் தகட்டை அப்பாவிடமிருந்து வாங்கி அவளிடம் கொடுத்தேன். உள்ளே போய்ப் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்து, கழுவி, முந்தானையில் ஈரம் போகத் துடைத்துக் கொண்டுவந்தாள். பூசை விளக்குபோல மின்னியது. அப்பா அதை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாருக்குன்னு சொல்லு" என்றார்.

மாட்டிவிட்டு அழுத்தினார். ஒன்றும் இல்லை.

மறுபடியும் கழற்றினார், மாட்டினார், அழுத்தினார். ஒன்றும் இல்லை. அப்பா இறங்கி வந்து காரின் படியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. வெயில் மரத்தைத் தாண்டி வந்துவிட்டது. அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கே கார் நின்றாலும், பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே ஏதாவது ஒன்றைத் திருகிக்கொண்டிருப்பார். நாளைக்குப் புதுக்கோட்டையில் காரைப் பிடுங்கிக்கொண்டு எங்களை நடந்து போகச் சொல்லிவிடுவார்கள் என்று எனக்குப் பயம் வந்தது.

அம்மா உள்ளே போய், செம்பில் நீர்மோர் கொண்டுவந்தாள். அதை அப்பாவுக்குப் பக்கத்தில், காரின் மட்கார்டு மேல் வைத்தாள்.

"குடிக்கச் சொல்லு" என்றாள். பிறகு, "இன்னும் ஒயரு பாக்கலையேன்னு சொல்லு" என்றாள்.

அப்பா மோரைக் குடித்துவிட்டு எழுந்தார்.

பித்தானிலிருந்து ஹாரனுக்கு வரும் ஒயர், நூல் சுற்றிய பழைய ஒயர். ஓட்டுகிற இடத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருந்த தகரச் சுவரில் ஒரு துளை வழியாக வந்து, எஞ்சினுக்குப் பக்கமாக ஓடியது. அப்பா ஒருமுனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தார். எங்கேயும் அறுந்திருக்கவில்லை. இருந்தாலும் இனிச் செய்ய வேறு எதுவும் இல்லை. அவர் உள்ளே உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருக்க, அம்மா முன்னால் நின்று ஒயரைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டு வர வேண்டும் என்று ஏற்பாடு.

அப்போதுதான் என் உத்தியோகத்தின் கஷ்டம் எனக்குத் தெரிந்தது. "அசைக்கச் சொல்லு." "அசைச்சாச்சுன்னு சொல்லு." "இன்னுங் கொஞ்சம் அங்கிட்டுப் போகச் சொல்லு." "அங்கிட்டுன்னா எங்கிட்டுன்னு கேளு." கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல நான் காரைச் சுற்றினேன். நான் போய்ச் சொல்வதற்குள் அவர் கையை எடுத்துவிடுவார், அவள் அடுத்த இடத்துக்குப் போய்விடுவாள். சேதிகள் ஒன்றோடொன்று மோதின. ஒரு தடவை அப்பாவின் சேதியை அப்பாவிடமே கொண்டுபோய்ச் சொன்னேன். மூச்சு முட்டியது. காரின் நடுவில், கதவோரம் நின்று இருபக்கமும் கத்தத் தொடங்கினேன்.

திடீரென்று பாம் என்று அடித்தது.

அம்மாவின் முகத்துக்கு நேரே அடித்தது. அவள் துள்ளி நிமிர்ந்ததில் தலை மூடியில் ணங்கென்று இடித்தது. அப்பா அழுத்தின விரலை எடுக்க மறந்துபோனார்.

"ஐயோ, விடுங்களேன்!" என்று கத்தினாள் அம்மா.

ஹாரன் நின்றது. எதிர்வீட்டுப் பெரியம்மாகூட நெல்லைத் துழாவுவதை நிறுத்திவிட்டாள்.

அது நேரே போன சேதி. என் வழியாக வரவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"அடிபட்டுருச்சா?" என்றார் அப்பா உள்ளேயிருந்து. அவர் குரல் மிகச் சின்னதாக இருந்தது.

அம்மா தலையைத் தடவிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லைன்னு சொல்லு" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. "ஒண்ணுமில்லையாம்ப்பா" என்று சொன்னேன்.

அந்த இடத்தில், துளைக்குப் பக்கத்தில்தான் கோளாறு. தகரத்தில் உரசாமல் இருக்கத் துளையைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருந்திருக்கிறது. அது தேய்ந்துபோய், தகரத்தின் விளிம்பில் ஒயர் ஆடி ஆடி, உள்ளே இருந்த செம்பு அறுந்துவிட்டது. மேலே சுற்றியிருந்த நூல் மட்டும் அப்படியே இருந்தது. அதை வெட்டி, முறுக்கிச் சேர்த்து, மேலே டேப் சுற்ற வேண்டும். டேப் இல்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சைக்கிள் கடையில் கிடைக்கும்.

"ஓடிப்போயி ஒரு கறுப்பு டேப் வாங்கிட்டு வா தாயி" என்றார் அப்பா.

எனக்குத் தயக்கமாக இருந்தது. நான் போய்விட்டால் இங்கே வேலை எப்படி நடக்கும்? யார் யாரிடம் என்ன சொல்வது? "நான் வர்ற வரைக்கும் ஒண்ணுஞ் செய்யாதீங்க" என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுத்தான் ஓடினேன்.

சைக்கிள் கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "பிளசர்காரர் மகளுக்குச் சைக்கிள் கடையில என்ன வேல?" என்றார். டேப் என்றேன். எதற்கு என்றார். சொன்னேன். ஹாரன் என்பது எவ்வளவு பெரிய தொல்லை, மணிதான் நல்லது, மணிக்கு ஒயரும் இல்லை பேட்டரியும் இல்லை என்று தொடங்கிவிட்டார். டியூபின் ஒருபக்கத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நான் ஒற்றைக் காலில் நின்றேன். வீட்டில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் சிலைபோல நின்றுகொண்டிருப்பார்கள், பொழுது போய்விடும், நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்துவிடுவார் என்று நினைக்க நினைக்க அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

கடைசியில் டேப்பைக் கையில் வாங்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தேன். பாதி வழி வந்திருப்பேன். தூரத்தில் ஹாரன் சத்தம் கேட்டது. எங்கள் காருடையதுதான், நூறு ஹாரன் அடித்தாலும் எனக்குத் தெரியும். ஒரு தடவை நீளமாக. அப்புறம் குட்டியாக இரண்டு. அப்புறம் ஒன்றுமில்லை.

எனக்கு ரோசமாக வந்தது. நான் இல்லாமலே செய்துவிட்டார்கள்.

தெருவுக்குள் நுழைந்தபோது கார் அப்படியே நின்றது. மூடி தூக்கியபடி இருந்தது. இருவருமே முன்னால்தான் நின்றார்கள். இருவர் தலையும் உள்ளே குனிந்திருந்தது. முதுகுகள்தான் தெரிந்தன. பக்கத்தில் போனதும் அப்பாவின் குரல் கேட்டது. எஞ்சினிடம் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தார்.

"கல்யாண வீட்டுக்காரங்க இன்னொரு நடை கோயிலுக்குப் போகணும்னாங்க. முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. இந்தத் தடவையும் எந்திரிச்சு உக்காந்துருவாருன்னு நெனச்சுட்டேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

அம்மாவின் கை அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பஸ் வந்துச்சு" என்றாள். "கண்ணு முன்னாடிதான் நின்னுச்சு. கண்டக்டர் வர்றீங்களான்னு கேக்கக்கூடச் செஞ்சாரு. நான் ஏறல."

"நாந்தான ஏறாதன்னு சொன்னேன்."

"நீங்க சொன்னதுக்காக ஒண்ணும் ஏறாம இல்ல" என்றாள் அம்மா. "நானும் அப்படித்தான் நெனச்சேன். எந்திரிச்சுருவாருன்னு. நான் அவரு பெத்த மக. நானே அப்படி நெனச்சேன்."

பஸ்ஸைப் பற்றி எதற்கு இப்போது பேச்சு என்று எனக்கு விளங்கவில்லை. எங்களிடம் கார் இருக்கிறது, ஹாரனும் அடித்துவிட்டது. நான் டேப்பை நீட்டி, "இந்தாங்க" என்றேன்.

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அம்மாவின் கண் சிவந்திருந்தது. அப்பா மூக்கை உறிஞ்சினார். டேப்பை வாங்கி ஒயரில் சுற்றினார். நாலு சுற்றில் முடிந்திருக்க வேண்டிய வேலை. சுற்றினார், சுற்றினார், அந்த இடம் எலி விழுங்கின பாம்புபோல ஆகிற வரைக்கும் சுற்றினார்.

"அதான் ஆரன் அடிச்சுருச்சே. இன்னும் என்ன பாக்குறீங்க?" என்று கேட்டேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் வேல இருக்கு" என்றார். "நீ போயி… இன்னொரு டேப் வாங்கிட்டு வந்துரு தாயி."

"இன்னும் பாதி மிச்சமிருக்கேப்பா!"

"அப்பா சொல்றாருல்ல. போயிட்டு வா" என்றாள் அம்மா.

அப்பா பக்கம் சேர்ந்துகொண்டு அம்மா என்னை அதட்டினாள்! இத்தனை மாதம் இருவருக்கும் நான் ஓடின ஓட்டத்துக்கு இதுதான் கூலி என்று பொருமிக்கொண்டே மறுபடியும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். இந்தத் தடவை ஓடவில்லை. சைக்கிள் கடைக்காரர் மணியைப் பற்றிச் சொன்னதையெல்லாம் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

மறுநாள் புதுக்கோட்டைக்கு மூவருமாகத்தான் போனோம். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். பிரேக்கை மிதிக்கச் சொன்னார், விளக்கைப் போடச் சொன்னார். மூடியைத் தூக்கி உள்ளே பார்த்து, டேப் சுற்றிய இடத்தைப் பேனாவால் தட்டி, "என்னய்யா இது, கட்டுப் போட்டிருக்கா?" என்று கேட்டார். "ஆமாங்க, சின்னக் காயம்" என்றார் அப்பா. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஹாரனை அடிக்கச் சொன்னார். அப்பா அடித்தார். அந்த மைதானத்தில் வரிசையாக நின்ற அத்தனை வண்டிக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். "போதும், போதும்" என்று காதைப் பொத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார் இன்ஸ்பெக்டர்.

திரும்பிக் கீரனூருக்குப் போவோம் என்றுதான் இருந்தேன். அப்பா காரை ஆலங்குடி ரோட்டில் திருப்பினார். எங்கே என்று கேட்டதற்கு, "ஐயா வீட்டுக்கு" என்றார். கருமாதிக்குப் பிறகு நாங்கள் அங்கே போகவேயில்லை. அந்தக் கருமாதியன்றும் அப்பா காரை விட்டு அகலாமல் வெளியிலேயே நின்றார். மாமா, அம்மாவின் தம்பி, வந்து கூப்பிடவும் இல்லை.

ரோடு செம்மண்ணாக மாறியது. இரண்டு பக்கமும் தென்னையும் பலாவும் வந்தன. அப்பா வழியில் வந்த கோழிக்குக்கூட ஹாரன் அடித்தார். ஊருக்கு முன்னால் இருக்கும் கண்மாய்க்கரை ஏறியதும் அம்மா, "கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள்.

அப்பா ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். யாரும் இறங்கவில்லை. கண்மாயில் தண்ணீர் வற்றி, நடுவில் மட்டும் கொஞ்சம் கிடந்தது. அங்கே மாடுகள் நின்றன. கரையிலிருந்து பார்த்தால் ஐயா வீட்டின் ஓட்டுக் கூரை தெரியும். அம்மா அதையே பார்த்தாள். அப்பாவும் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி அதையே பார்த்தார். நான் பின்சீட்டிலிருந்து எட்டி இருவர் முகத்தையும் பார்த்தேன். கார் நடுவழியில் நின்றால் ஏதாவது கோளாறு இருக்க வேண்டும் என்பது டிரைவர் மகளான எனக்குத் தெரியும். தண்ணீர் கொதித்திருக்கும், இல்லையென்றால் காற்று இறங்கியிருக்கும்.

"என்னப்பா கோளாறு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல தாயி."

"அப்பறம் ஏன் நிக்கிறோம்?"

ஒரு மாடு தண்ணீரிலிருந்து ஏறி எங்களைத் தாண்டிப் போனது. அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"நீங்களும் உள்ள வரணும்" என்றாள் அப்பாவிடம். "வாசல்ல நிக்கக் கூடாது. தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அப்பா தலையை ஆட்டினார்.

"சரி, போங்க."

அப்பா செல்பைத் தட்டினார். எஞ்சின் ஒரே தட்டில் பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஊற்றவில்லை, மூடியைத் திறக்கவில்லை, ஒருவரும் கீழே இறங்கக்கூட இல்லை. அப்படியானால் எதற்கு நிறுத்தினார்கள், எதைச் சரிபண்ணிக்கொண்டு கிளம்பினார்கள் என்று ஐயா வீட்டு வாசல் வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.